4.7 ஜிபி டிவிடியில் பெரிய காணொலியைப் பதிவது எப்படி? சுருக்குவதா, பிரிப்பதா?

திருமண நிகழ்வின் பதிவு, பள்ளி ஆண்டு விழா, கண்காணிப்புக் கேமராவின் காட்சி என எதுவாயினும், அதை டிவிடியில் பதிந்து தரும் வழக்கம் நாட்டின் பல பகுதிகளில் இன்றும் தொடர்கிறது. ஆனால் இன்றைய கேமராக்கள் உருவாக்கும் கோப்புகள் மிகப் பெரியவை. விநாடிக்கு 17 மெகாபிட் என்ற அளவில் பதிவான ஒரு மணி நேரக் காணொலியே சுமார் 7.6 ஜிபி இடத்தை எடுத்துக்கொள்ளும். சாதாரண டிவிடியின் கொள்ளளவோ 4.7 ஜிபி மட்டுமே.

4.7 எப்படி 4.37 ஆகிறது?

டிவிடியின் உறையில் 4.7 ஜிபி என அச்சிடப்பட்டிருந்தாலும், கணினி அதைச் சுமார் 4.37 ஜிபி என்றே காட்டக்கூடும். இதில் மோசடி ஏதுமில்லை. ஒரு ஜிபி என்பதை உற்பத்தியாளர்கள் 100 கோடி பைட்டுகளாகக் கணக்கிடுகின்றனர். விண்டோஸ் கணினிகள் அதை 107 கோடிக்கும் சற்றுக் கூடுதலான பைட்டுகளாகக் கணக்கிடுகின்றன. எனவே கணினியில் 4.6 ஜிபி எனத் தெரியும் கோப்பு, 4.7 ஜிபி டிவிடியில் அடங்காது.

எளிய கணக்கு

காணொலிக் கோப்பின் அளவை முடிவு செய்வது, அது ஓடும் நேரமும் விநாடிக்குச் செலவாகும் பிட்டுகளின் எண்ணிக்கையான பிட் வீதமும் ஆகும். பாதுகாப்புக்காகச் சிறிது இடம் விட்டு 450 கோடி பைட்டுகளைப் பயன்படுத்துவதாகக் கொள்வோம். ஒரு பைட்டுக்கு 8 பிட்டுகள் என்பதால் இது 3,600 கோடி பிட்டுகள். இரண்டு மணி நேரம், அதாவது 7,200 விநாடிகளால் இதை வகுத்தால், விநாடிக்கு 50 லட்சம் பிட்டுகள், அதாவது 5 மெகாபிட் கிடைக்கும். ஒலிக்கு 0.2 மெகாபிட் ஒதுக்கினால், காட்சிக்கு 4.8 மெகாபிட் எஞ்சும். மூன்று மணி நேரக் காணொலி என்றால் மொத்தமே 3.3 மெகாபிட்தான். நேரம் கூடக் கூட, காட்சியின் தெளிவு குறைவது இதனால்தான்.

இருவகை டிவிடி

தொலைக்காட்சியுடன் இணைக்கப்படும் டிவிடி பிளேயரில் ஓட வேண்டுமெனில், காணொலியை 'டிவிடி வீடியோ' வடிவத்துக்கு மாற்ற வேண்டும். இந்தியாவில் வழக்கிலுள்ள பால் முறையில் இதன் காட்சி அளவு 720×576 பிக்சல்கள். பயன்படுவது எம்பெக்-2 என்ற சுருக்கமுறை. காட்சிக்கான உச்ச பிட் வீதம் 9.8 மெகாபிட். உயர் தெளிவுக் காணொலி இந்த வடிவத்தில் தன் நுணுக்கத்தை இழந்தே தீரும். மாற்றும்போது 'இரு சுற்று' முறையைத் தேர்ந்தெடுப்பது நல்லது. மென்பொருள் முதல் சுற்றில் காணொலியை ஆராய்ந்து, இரண்டாம் சுற்றில் அசைவு மிகுந்த காட்சிகளுக்குக் கூடுதல் பிட்டுகளை ஒதுக்கும்.

கணினியில் மட்டும் பார்ப்பதற்கெனில், 'தரவு டிவிடி'யாகப் பதிந்து உயர் தெளிவைத் தக்கவைக்கலாம். எம்பெக்-2 முறைக்குத் தேவைப்படும் பிட் வீதத்தில் ஏறத்தாழ பாதியிலேயே அதே தரத்தை எச்.264 முறை தரவல்லது. ஒற்றைக் கோப்பு 4 ஜிபியைத் தாண்டினால், எழுதும் மென்பொருளில் யுடிஎஃப் முறையைத் தேர்வு செய்ய வேண்டும். காணொலியை 'ஜிப்' செய்வதால் பெரிய பயன் இல்லை. அது முன்பே சுருக்கப்பட்ட கோப்பு.

சாட்சியம் என்றால் எச்சரிக்கை

குடும்ப நிகழ்வுகளின் பதிவைச் சுருக்குவதால் தெளிவு மட்டுமே குறையும். ஆனால் விபத்து, திருட்டு போன்றவற்றின் கண்காணிப்புக் கேமரா பதிவைச் சுருக்கினால் வழக்கே பாதிக்கப்படலாம். பிட் வீதம் குறையும்போது முதலில் மறைவது வாகன எண், முக அடையாளம் போன்ற நுண்ணிய விவரங்களே. மறைந்தவற்றை மீண்டும் பெரிதாக்கி மீட்க இயலாது.

சட்டமும் இதில் கண்டிப்பானது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியம், மின்னணு ஆவணங்களுக்கு 63-ஆவது பிரிவின்படி சான்றிதழ் கோருகிறது. அந்தச் சான்றிதழ்ப் படிவத்தில் கோப்பின் 'ஹாஷ்' மதிப்பும் இடம்பெற வேண்டும். இது கோப்பின் கைரேகை போன்றது. ஒரு பிட் மாறினாலும் மதிப்பு முற்றிலும் மாறிவிடும். சுருக்கப்பட்ட கோப்பின் மதிப்பு மூலக்கோப்பின் மதிப்புடன் ஒருபோதும் பொருந்தாது. அது திருத்தப்பட்டது என எதிர்த்தரப்பு வாதிட இடமுண்டு.

எனவே சாட்சியமாகப் பயன்படக்கூடிய பதிவைச் சுருக்காமல் அப்படியே படியெடுப்பதே முறை. 8.5 ஜிபி கொள்ளும் இரட்டை அடுக்கு டிவிடி, 25 ஜிபி கொள்ளும் புளூ-ரே வட்டு, பென் டிரைவ் ஆகியவை இதற்கு உதவும். சாதாரண டிவிடிதான் உள்ளது எனில், 7-ஜிப் போன்ற மென்பொருளால் கோப்பைப் பல பகுதிகளாகப் பிரித்து, தனித்தனி வட்டுகளில் பதியலாம். அவற்றை மீண்டும் இணைத்தால் மூலக்கோப்பு ஒரு பிட்டும் மாறாமல் கிடைக்கும். ஹாஷ் மதிப்பும் பொருந்தும். ஆனால் ஒரு வட்டு பழுதானாலும் முழுக் கோப்பையும் மீட்க முடியாமல் போகும். ஆகவே எழுதியபின் ஒவ்வொரு வட்டையும் சரிபார்ப்பது அவசியம்.

எந்த வழியைப் பின்பற்றினாலும், மூலக்கோப்பை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். பல கண்காணிப்புக் கேமராக் கருவிகள், சேமிப்பகம் நிரம்பியதும் பழைய பதிவின் மீதே புதியதை எழுதிவிடும் என்பதால், தேவையான பதிவைத் தாமதமின்றிப் படியெடுத்துக்கொள்வது நல்லது.