எல்லையைத் தொட்டுத் திரும்பும் பயணம்

பகாங் மாநிலத்தின் வடமேற்கு மூலையில், கேமரன் மலையின் பிரிஞ்சாங் நகரை அடுத்துள்ள கியா பார்ம், காய்கறிச் சந்தையாலும் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களாலும் அறியப்பட்ட ஊர். அதன் குளிர்ந்த காற்றுக்காக நீண்ட நாள் தங்க விரும்பும் பயணிகளையும், காய்கறித் தோட்டங்களில் கூலி வேலை தேடி வரும் அயல்நாட்டவரையும் ஒரே கேள்வியின் முன் நிறுத்துவது, கடப்பிதழில் குத்தப்படும் முத்திரை அளிக்கும் நாள் கணக்கு. அந்த நாள்கள் தீரும் தறுவாயில் நாட்டைவிட்டு வெளியேறி, அண்டை நாட்டில் ஓர் இரவையோ சில மணி நேரத்தையோ கழித்துவிட்டுப் புதிய முத்திரையுடன் திரும்பி வருவதைப் பேச்சுவழக்கில் 'விசா ரன்' என்றும் 'யூ டர்ன்' என்றும் சொல்கிறார்கள்.

பகாங்குக்கு எந்த அயல்நாட்டுடனும் நில எல்லை கிடையாது. ஆகவே கியா பார்மில் தங்கியிருப்பவர் சிம்பாங் பூலாய் சாலை வழியாக ஈப்போவுக்கு இறங்கி, அங்கிருந்து வடக்கே தாய்லாந்து எல்லைக்கோ தெற்கே ஜொகூர் பாருவைக் கடந்து சிங்கப்பூருக்கோ போக வேண்டும். வடக்கே ரயிலில் செல்வோருக்குப் பாடாங் பெசார் நிலையம் ஒரு வசதி, ஏனெனில் மலேசியாவிலிருந்து வெளியேறும் முத்திரையும் தாய்லாந்துக்குள் நுழையும் முத்திரையும் அந்த ஒரே நிலையத்துக்குள் கிடைத்துவிடுகின்றன.

இப்பயணம் எப்படிப் பலிக்கிறது என்பதற்கான விடை, சுற்றுலாப் பயணிக்கு வழங்கப்படும் 'சமூக வருகை அனுமதி'யின் தன்மையில் இருக்கிறது. பிரிட்டன் நாட்டவருக்கு 90 நாள்களும், 2023 டிசம்பர் 1 முதல் விசா இன்றி வர இசைவு பெற்ற இந்தியருக்கு 30 நாள்களும் அளிக்கும் அந்த அனுமதி, ஒவ்வொரு நுழைவுக்கும் தனித்தனியே பிறக்கிறது. வெளியேறியதும் பழையது மடிந்துவிடுவதால், திரும்பி நுழைபவருக்குக் கணக்கு மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்குகிறது. ஆனால் அந்தப் புதிய அனுமதி பயணியின் உரிமை அன்று. திரும்பும் பயணச்சீட்டு, தங்குமிடம், கைச்செலவுக்குப் பணம் ஆகியவற்றைக் கேட்டுப் பார்க்கும் அதிகாரி, வந்தவர் உண்மையில் சுற்றுலாப் பயணிதானா என்று ஐயுற்றால், நாட்டுக்குள் இறங்க இசைவில்லை என்னும் அறிவிப்பைக் கொடுத்து அவரை வந்த வழியே அனுப்பிவிடலாம். முன்பு பத்து முறை தடையின்றி நுழைந்தது பதினோராவது முறைக்குப் பிணை ஆகாது.

இந்த இடைவெளியைப் பல நாடுகள் கணக்கைக் கொண்டே அடைத்துவிட்டன. ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளில் எந்த 180 நாள்களை எடுத்துக்கொண்டாலும் 90 நாள்களே தங்கலாம் என்பதால் எல்லையைத் தாண்டி வருவதால் பயனில்லை. தாய்லாந்து 2016 இறுதியில், நில எல்லை வழியாக விசா இன்றி நுழைவதை ஆண்டுக்கு இருமுறை என்று வரையறுத்தது. இந்தியாவும் 2009இல், சுற்றுலா விசாவில் வந்தவர் வெளியேறிய பின் திரும்பி வர இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும் என்று விதித்து, 2012இல் பெரும்பாலான நாட்டவருக்கு அதை நீக்கியது. திருவண்ணாமலையில் மாதக்கணக்கில் தங்கும் வெளிநாட்டு அடியார்கள் இலங்கைக்கோ நேபாளத்துக்கோ போய் வருவதும் இதே வகைப் பயணந்தான்.

ஓய்வுக்காக வந்தவருக்கு இது செலவும் அலைச்சலும் மட்டுமே. கூலிக்காக வந்தவருக்கு நிலைமை வேறு. அயல்நாட்டுத் தொழிலாளி ஒருவர் மலேசியாவில் முறையாக வேலை செய்யத் 'தற்காலிக வேலைக்கான வருகை அனுமதி' வேண்டும். 'பெர்மிட்' என்று தொழிலாளர் சொல்லும் அது, குறிப்பிட்ட ஒரு முதலாளியோடு கட்டப்பட்டது. சுற்றுலா அனுமதியில் அழைத்து வந்து, பெர்மிட் பின்னால் கிடைக்கும், அதுவரை தாய்லாந்து போய் வந்தால் போதும் என்று இடைத்தரகர் சொல்லும் சொல்லில் சட்டத்தின் பலம் எள்ளளவும் இல்லை, ஏனெனில் எத்தனை முறை முத்திரை புதுப்பிக்கப்பட்டாலும் வருகை அனுமதியில் வேலை செய்வது குற்றமாகவே நீடிக்கிறது. நாள் கடந்து தங்கினால் 1959/63ஆம் ஆண்டுக் குடிநுழைவுச் சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி 10,000 ரிங்கிட்டுக்குக் குறையாத அபராதமோ ஐந்தாண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். ஆள் எல்லைக்கே போகாமல் கடப்பிதழை மட்டும் அனுப்பி முத்திரை வாங்கித் தரும் மோசடியும் உண்டு. மலாய் மொழியில் 'சோப் தெர்பாங்', அதாவது பறக்கும் முத்திரை, என்று பெயர் பெற்ற அதை நம்பியவரின் கையில் செல்லாத முத்திரையே மிஞ்சுகிறது.

கேமரன் மலைத் தமிழருக்கு இந்தத் தாள்களின் கதை புதியதன்று. 1929இல் தொடங்கிய போ தேயிலை நிறுவனத்தின் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து மலாயாவுக்கு வந்த தொழிலாளர், ஒரே பேரரசுக்குள் கடல் தாண்டியவர்களாக இருந்தனர். இந்திய அரசு 1938இல் உடலுழைப்புத் தொழிலாளரை ஆதரவளித்து அனுப்புவதைத் தடுத்தது. மலாயாவின் புதிய குடிநுழைவுச் சட்டம் 1953இல் நடைமுறைக்கு வந்து வாசலை மேலும் குறுக்கியது. குடியுரிமை பெறாதோர் வேலை செய்யப் பெர்மிட் வேண்டும் என்று 1968இல் இயற்றப்பட்ட சட்டத்தின் விளைவாக, ஏறத்தாழ 60,000 இந்தியத் தொழிலாளர் நாட்டைவிட்டுப் போக நேர்ந்தது. பால்மரக் காடுகளிலும் பிற தோட்டங்களிலும் வாழ்நாளைக் கழித்தவர்கள் ஒரு தாள் இல்லாமையால் விருந்தினராகக் கருதப்பட்ட அந்தக் கொடுமை இன்னும் போதிய அளவில் எழுதப்படவில்லை.

இன்று தமிழ்நாட்டிலிருந்து வேலைக்குப் புறப்படுவோருக்கு ஒரு காப்பு இருக்கிறது. பத்தாம் வகுப்பு தேறாதவர் மலேசியா போன்ற நாடுகளுக்கு வேலைக்குச் செல்லுமுன், 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, குடிபெயர்வோர் பாதுகாவலரின் ஒப்புதலைப் பெற வேண்டும். இதற்கான அலுவலகம் சென்னையில் உள்ளது. பதிவு பெற்ற முகவர், எழுத்தில் அமைந்த ஒப்பந்தம், காப்பீடு ஆகியவை அந்த ஒப்புதலோடு வருகின்றன. சுற்றுலாப் பயணி என்று சொல்லி விமானம் ஏறுபவரின் பெயர் அந்தப் பதிவேட்டில் ஏறுவதில்லை. கியா பார்மின் ஒரு கொட்டகையில் அவருடைய முப்பதாவது நாள் முடியும்போது, அவர் எந்த முதலாளியிடம் எந்தக் கூலிக்கு வேலை செய்கிறார் என்பதைக் காட்டும் தாள் இரு நாடுகளிலும் இருப்பதில்லை.