நீலக் கண் கேட்ட சிறுமி

கடவுளிடம் கேட்டது கிடைக்காவிட்டால் கோபித்துக்கொள்வதா?

அயர்லாந்தில் 1867-ல் பிறந்தவர் ஏமி கார்மைக்கேல். அவருக்குப் பழுப்புக் கண். சிறுமியாக இருந்தபோது, அம்மாவைப் போல நீலக் கண் வேண்டும் என்று ஓர் இரவு ஜெபித்தாராம். காலையில் ஓடிப்போய்க் கண்ணாடி பார்த்தார். அதே பழுப்பு! ஒரே அழுகை. பிறகு அந்தப் பிஞ்சு மனத்தில் பட்டது: "இல்லை" என்பதும் கடவுள் தந்த பதில்தானே?

1895-ல் இந்தியா வந்தார். திருநெல்வேலிச் சீமையில், டோனாவூரில் தங்கினார். கோவிலுக்குப் பொட்டுக்கட்டி விட இருந்த சிறுமிகளைக் காப்பாற்றி வளர்த்தார். புடவைதான் கட்டுவார். கண் நீலமாக இருந்திருந்தால், வெள்ளைக்காரி என்று பார்த்தவுடன் தெரிந்திருக்குமே!

1931-ல் களக்காட்டில் ஒரு குழியில் விழுந்தார். கால் முறிந்தது. முதுகிலும் அடி. குணமாக வேண்டும் என்று எல்லோரும் ஜெபித்தார்கள். மறுபடியும் "இல்லை"! ஏறக்குறைய 20 ஆண்டுகள் படுக்கையே கதி. வலியில் தூக்கம் வராது. ஆனாலும், தகப்பனிடம் மகள் பேசுவதுபோல, கடவுளோடு அவர் பேசிய பேச்சு நிற்கவில்லை. படுத்தபடியே நோயாளிகளுக்காகப் புத்தகம் எழுதினார்.

1951 ஜனவரியில் காலமானார். தம் கல்லறைமேல் கல் வைக்கக்கூடாது என்று சொல்லியிருந்தார். அங்கே பறவைகளுக்கென்று ஒரு தண்ணீர்த் தொட்டி வைத்தார்கள். அதில் பொறித்திருப்பது ஒரே ஒரு சொல்: "அம்மை".