ஈறு நோய்க்குக் கைபேசி என்ன செய்யும்?

கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தின் இரும்பு உருட்டாலைகளிலும் வார்ப்பாலைகளிலும் ஷிப்டு முறையில் வேலை செய்வோரிடையே கைபேசி இல்லாதவரைக் காண்பது அரிது. ஈறில் ரத்தம் கசிகிறது என்ற ஒரே காரணத்துக்காகப் பல் மருத்துவரைத் தேடிப் போனவரைக் காண்பது அதனினும் அரிது. வலி தாங்க முடியாதபோதுதான் பல் நினைவுக்கு வருகிறது. ஈறு நோயோ பெரும்பாலும் வலிக்காமலேயே முற்றுகிறது. எல்லோர் கையிலும் இருக்கும் கருவியைக் கொண்டு, எவரும் கவனிக்காத நோயைக் கட்டுப்படுத்த முடியுமா என்ற கேள்வி பல் மருத்துவ உலகில் சில ஆண்டுகளாகவே பேசப்பட்டு வருகிறது. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வாய் நலத்துக்குக் கைபேசியைப் பயன்படுத்துவது பற்றித் தனி வழிகாட்டியையே வெளியிட்டது. செயலிகள் எதற்கு உதவும், எதற்கு உதவா என்று பிரித்தறிய, முதலில் நோயின் போக்கைப் பார்க்க வேண்டும்.

பல்லும் ஈறும் சந்திக்கும் விளிம்பில் நுண்ணுயிர்கள் சேர்ந்து மெல்லிய, பசைபோன்ற படலமாகப் படிகின்றன, இதுவே பற்படலம். வாய் கொப்பளித்தால் போகாத இந்தப் படலத்தைத் தேய்த்துத்தான் அகற்ற வேண்டும். அகற்றாமல் விட்டால் ஈறு சிவந்து வீங்கி, துலக்கும்போது ரத்தம் கசியும். இந்த நிலைக்கு ஈறு அழற்சி என்று பெயர். டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் ஹரால்ட் லோ என்ற பல் மருத்துவ அறிஞர், 1965-ல் வெளியான தம் ஆய்வில், ஆரோக்கியமான ஈறு கொண்ட 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் செய்தபோது, 10 முதல் 21 நாள்களுக்குள் அனைவருக்கும் ஈறு அழற்சி வந்தது. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் ஏறக்குறைய ஒரே வாரத்தில் அது மறைந்தது. அதாவது ஈறு அழற்சி மீளக்கூடியது. ஆனால் அழற்சி ஆழத்துக்கு இறங்கி, பல்லைத் தாங்கும் எலும்பையும் நார்த்திசுவையும் அரிக்கத் தொடங்கிவிட்டால், அது பல்சூழ் நோயாகிறது. அழிந்த எலும்பு துலக்குவதால் திரும்ப வளர்வதில்லை. இந்த நோயின் கடுமையான வடிவம் உலகில் 100 கோடிக்கும் மேற்பட்டோருக்கு இருப்பதாக உலக சுகாதார நிறுவனத்தின் 2022-ஆம் ஆண்டு அறிக்கை மதிப்பிடுகிறது.

இந்த நோய் சிகிச்சையின்றி விடப்பட்டால் எப்படி வளரும் என்பதை மருத்துவ உலகுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் தமிழர்கள் என்பது தமிழ் வாசகர்களில் பலருக்குத் தெரியாத செய்தி. இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் 1970-ல் 480 ஆண் தொழிலாளர்களின் வாயைச் சோதித்துப் பதிவு செய்த லோவும் அவருடைய குழுவினரும், அடுத்த 15 ஆண்டுகளில் அவர்களை மீண்டும் மீண்டும் சோதித்தனர். தோட்டத் தமிழர்களான அவர்களுக்குப் பல் துலக்கும் வழக்கமும் இல்லை, பல் மருத்துவமும் எட்டவில்லை. எல்லோருடைய பற்களிலும் படலமும் அது இறுகி உண்டாகும் காரையும் படிந்திருந்தன, எல்லோருடைய ஈறுகளும் வீங்கியிருந்தன. எனினும் 1986-ல் வெளியான முடிவுகளின்படி, அவர்களில் 8 விழுக்காட்டினருக்கு நோய் மிக வேகமாக முற்றியது, 81 விழுக்காட்டினருக்கு மிதமாக நகர்ந்தது, 11 விழுக்காட்டினருக்கோ ஈறு அழற்சியோடு நின்றுவிட்டது. வேகமாக முற்றியவர்கள் 35 வயதில் சராசரியாக 12 பற்களையும் 40 வயதில் 20 பற்களையும் இழந்து, 45 வயதில் பல்லே இல்லாதவர்களானார்கள். மிதமான பிரிவினர் அதே 45 வயதில் இழந்தவை சராசரியாக ஏழு பற்கள்தாம். சொத்தைப் பல் அவர்களிடம் ஏறக்குறைய இல்லை என்பதால் இந்த இழப்பு முழுவதும் ஈறு நோயின் கணக்கிலேயே சேர்ந்தது. பாடநூல்களில் இன்றும் இடம்பெறும் இந்த அறிவு, சிகிச்சை எட்டாத மனிதர்களின் வாயிலிருந்து திரட்டப்பட்டது என்பதையும் நினைவில் கொள்வது நேர்மை.

செயலிகளை எடைபோட இந்த ஆய்வைவிட நல்ல உரைகல் இல்லை. ஒரே அளவு அழுக்கு படிந்திருந்த வாய்களில் ஒருவர் எல்லாப் பற்களையும் இழக்க, மற்றொருவர் ஒன்றையும் இழக்காமல் இருந்தார் என்றால், எவர் எந்தப் பிரிவைச் சேர்ந்தவர் என்பதை அவர் எத்தனை நிமிடம் துலக்கினார் என்ற கணக்கிலிருந்து மட்டும் அறிய முடியாது. அதை அறியும் வழி பழையதுதான்: மில்லிமீட்டர் கோடுகள் பொறித்த மெல்லிய கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் இடையே மென்மையாகச் செலுத்தி, இடைவெளியின் ஆழத்தைப் பல் மருத்துவர் அளக்கிறார். 3 மில்லிமீட்டர் வரை இயல்பு. 4 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் இருந்து ரத்தமும் கசிந்தால் அங்கே நோய்ப் பை உருவாகியிருக்கிறது என்று கருதப்படுகிறது. எலும்பு எவ்வளவு கரைந்திருக்கிறது என்பதை எக்ஸ்ரே காட்டும். கைபேசிக் கேமரா இந்த இரண்டையும் செய்ய இயலாது. ஹாங்காங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஈறுகளின் நிழற்படங்களைச் செயற்கை நுண்ணறிவுக்குக் கற்பித்து, ஈறு அழற்சியின் அறிகுறிகளை 90 விழுக்காட்டுக்கு மேல் சரியாகக் கண்டறிய முடிந்ததாக 2023-ல் அறிவித்தார்கள். பாராட்டத்தக்க முயற்சிதான், ஆனால் படம் காட்டுவது ஈறின் மேற்பரப்பை மட்டுமே. மேலும் புகைபிடிப்பவர்களின் ஈறில், புகையிலையின் விளைவால், நோய் முற்றிய நிலையிலும் ரத்தக் கசிவு குறைவாகவே தென்படும். படத்தை நம்பி நிம்மதியடைபவர் அவராகவே இருக்கக்கூடும்.

அப்படியானால் செயலியின் இடம் எது? ஐரோப்பியப் பல்சூழ் மருத்துவக் கூட்டமைப்பு 2020-ல் வெளியிட்ட வழிகாட்டி, சிகிச்சையைப் படிப்படியாகப் பிரிக்கிறது. நோயாளியின் துலக்கும் முறையைத் திருத்துவதும், புகையிலை, சர்க்கரை நோய் ஆகியவற்றைக் கட்டுப்படுத்துவதும், கண்ணுக்குத் தெரியும் படலத்தையும் காரையையும் அகற்றுவதும் முதற்படி. ஈறுக்கு அடியில் வேர்ப்பகுதியைச் சுத்தம் செய்வது இரண்டாம் படி, தேவையானால் அறுவை மூன்றாம் படி. அதன்பின் வாழ்நாள் முழுவதும், நோயின் தன்மைக்கேற்ப 3 முதல் 12 மாதங்களுக்கு ஒருமுறை, பராமரிப்புச் சந்திப்புகள். சுத்தம் செய்தால் பல் ஆடிப்போகும் என்று நம் ஊர்களில் பரவலாக நிலவும் அச்சம் இந்த இடத்தில்தான் குறுக்கிடுகிறது: காரை அகன்றதும் வீக்கம் வடிந்து ஈறு சற்றுக் கீழிறங்குவதால், ஏற்கெனவே எலும்பை இழந்த பல்லின் உண்மை நிலை அப்போது வெளிப்படுகிறதே தவிர, சுத்தம் செய்ததால் பல் ஆடத் தொடங்குவதில்லை. இதை எடுத்துச்சொல்ல ஆளில்லாமல், முதல் சந்திப்போடு சிகிச்சையைக் கைவிடுவோர் உண்டு. இரண்டு சந்திப்புகளுக்கு இடைப்பட்ட அந்த மாதங்கள் முழுக்க நோயாளியின் பொறுப்பு; செயலிக்குரிய இடமும் அதுவே.

இன்று கிடைக்கும் செயலிகள் பல வகை. சில, இரண்டு நிமிடம் பாட்டு ஒலிக்கச் செய்து அதுவரை துலக்க வைக்கின்றன. இங்கிலாந்தில் ஒரு பல் மருத்துவர் உருவாக்கிய பிரஷ் டிஜே இதற்கு நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டு. சில, புளூடூத் வழியாக மின்தூரிகையோடு இணைந்து, வாயின் எந்தப் பகுதி விடுபட்டது என்று காட்டுகின்றன. ஆயிரக்கணக்கில் விலையுள்ள தூரிகையை வாங்கியவருக்கே பயன்படும் இந்த இரண்டாம் வகை, வார்ப்பாலைத் தொழிலாளியின் கணக்கில் வராதது. அந்தத் தூரிகையை விற்கும் நிறுவனமே செயலியையும் நடத்துகிறது என்பதை வாங்குபவர் மறக்கவும் கூடாது. மற்றவை வெறும் நினைவூட்டல்கள், குறுஞ்செய்திகள், வாட்ஸ்அப் குழுக்கள். இவற்றின் பயனைத் தொகுத்து ஆராய்ந்து 2019-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, கைபேசி வழி நினைவூட்டல் பெற்றவர்களிடம் பற்படலமும் ஈறு அழற்சியும் குறைந்ததாகக் கண்டது. ஆனால் இத்துறை ஆய்வுகளில் கணிசமானவை பல்லுக்குக் கம்பி கட்டிக்கொண்ட இளைஞர்களைச் சில வாரங்களோ சில மாதங்களோ கவனித்தவை. நாற்பது வயதில் சர்க்கரையும் புகையிலைப் பழக்கமும் சேர்ந்த ஒருவருக்கு ஐந்தாண்டில் எத்தனை பல் மிஞ்சும் என்பதற்கு அவை விடையாகா. எளிய குறுஞ்செய்திக்கும் பயன் உண்டு என்பதே அந்தத் தொகுப்பாய்விலிருந்து எடுத்துக்கொள்ளத்தக்கது.

கும்மிடிப்பூண்டிக்கு இந்த எளிய வழி முக்கியம். இந்தத் தொழிற்பகுதியில் பிகார், ஒடிசா, ஜார்க்கண்ட் மாநிலங்களிலிருந்து வந்தவர்கள் பெருமளவில் வேலை செய்கிறார்கள். 2016-17-ஆம் ஆண்டின் உலகளாவிய வயதுவந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 20 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு வடிவில் புகையிலை பயன்படுத்த, பிகாரில் அது 25.9 விழுக்காடு, ஒடிசாவில் 45.6 விழுக்காடு. இரவு ஷிப்டில் தூக்கத்தை விரட்டக் கன்னத்தில் அடக்கிவைக்கும் கைனி, ஹான்ஸ் போன்ற மெல்லும் புகையிலை, வைத்த இடத்திலேயே ஈறைத் தேய்த்து இறக்குகிறது. குட்காவுக்கும் பான் மசாலாவுக்கும் தமிழ்நாடு 2013-லேயே தடை விதித்தும் பழக்கம் ஒழியவில்லை. இங்கேதான் கைபேசிக்கு இந்தியாவிலேயே ஒரு நல்ல முன்மாதிரி இருக்கிறது: மத்திய அரசு 2016-ல் தொடங்கிய புகையிலை விடுவிப்புத் திட்டம், மிஸ்டு கால் கொடுத்தவருக்குத் தொடர்ந்து குறுஞ்செய்தி அனுப்பியது, லட்சக்கணக்கானோர் அதில் பதிவு செய்தனர். பேசி ஆலோசனை பெற விரும்புவோருக்கு 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண்ணும் உண்டு. ஸ்மார்ட்போனோ இணையமோ தேவைப்படாத இந்த எளிமையே அதன் பலம்.

ஈறு நோய்க்கான செயலி இந்தத் தொழிற்பகுதிக்கு ஏற்றதாக வேண்டுமானால், அது கடிகாரத்தைப் பார்த்து அல்ல, ஷிப்டைப் பார்த்து நினைவூட்ட வேண்டும். காலை ஏழு மணிக்கும் இரவு பத்து மணிக்கும் துலக்கச் சொல்லும் செயலி, இரவு பத்து மணிக்கு ஆலைக்குள் நுழைபவருக்குத் தொல்லையாகி மூன்றாம் நாளே அணைக்கப்படும். எழுத்துக்குப் பதிலாகக் குரலில், தமிழோடு இந்தியிலும் ஒடியாவிலும் பேச வேண்டும். தூரிகையை ஈறோரம் சாய்த்துப் பிடித்துத் துலக்குவதையும், இடைவெளி விழுந்த பற்களுக்கிடையே சிறு தூரிகையைச் செலுத்துவதையும் ஒரு நிமிடக் காணொளியில் காட்டலாம். சாம்பலும் செங்கற்பொடியும் பல்லைத் தேய்த்துவிடும் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம். சர்க்கரை நோயாளியாக இருந்தால், ஈறுக்குச் சிகிச்சை பெற்ற மூன்று நான்கு மாதங்களில் சராசரிச் சர்க்கரை அளவு ஏறக்குறைய 0.4 விழுக்காட்டுப் புள்ளி குறைகிறது என்று 2022-ல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வு காட்டியதையும் அறிவிக்கலாம். பல்லைப் பொருட்படுத்தாதவர்களும் சர்க்கரைக்கு அஞ்சுவார்கள்.

மத்திய சுகாதார அமைச்சகமும் தில்லி எய்ம்ஸும் இணைந்து 2019 அக்டோபரில் தொடங்கிய இ-தந்த்சேவா என்னும் தளம், வாய் நலத் தகவல்களையும் பல் மருத்துவ வசதிகள் உள்ள இடங்களையும் அறிகுறிகளைச் சோதிக்கும் பகுதியையும் ஒரே இடத்தில் தருகிறது. விளம்பரமற்ற அரசுத் தளம் என்பதே அதன் முதல் தகுதி. தனியார் செயலிகளில் வாயின் படங்களையும் நோய் விவரங்களையும் பதிவேற்றுவோர், அவை எங்கே சேமிக்கப்படுகின்றன, எவருக்குக் கொடுக்கப்படுகின்றன என்று கேட்க உரிமை உடையவர்கள். 2023-ல் இயற்றப்பட்ட எண்ணிம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒப்புதல் இன்றித் தரவைப் பயன்படுத்துவதற்கு வரம்பு விதிக்கிறது. ஆலை நிர்வாகமே செயலியை வழங்கும் இடங்களில் இக்கேள்வி இன்னும் கூர்மையாகக் கேட்கப்பட வேண்டியது, ஏனெனில் தொழிலாளியின் புகையிலைப் பழக்கமும் சர்க்கரை அளவும் மேலாளரின் திரைக்குச் செல்ல வேண்டியவை அல்ல.

மாத ஊதியம் 21,000 ரூபாய்க்கு உட்பட்ட, காப்பீட்டில் பதிவான தொழிலாளர்களுக்குத் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டமான இ.எஸ்.ஐ.யில் பல் சிகிச்சையும் அடங்கும். அரசு மருத்துவமனைகளிலும் பல் பிரிவுகள் உண்டு. ஆகவே ஈறில் ரத்தம் கசிவோர் செயலியைப் பதிவிறக்குவதற்கு முன் ஒருமுறை அங்கே சென்று, ஈறுப் பைகளின் ஆழத்தை அளக்கச் சொல்லி, அந்த எண்களைக் கேட்டு எழுதிக்கொள்ளட்டும். அடுத்த சந்திப்புக்கு மருத்துவர் குறித்துத் தரும் தேதியே கைபேசியில் முதலில் பதிய வேண்டிய நினைவூட்டல்.