விளம்பரக் கலையும் ஒரு மாணாக்கனும்

சென்ற மாதம் ஒரு மாலைப்பொழுதில், உயர்தர வகுப்பில் என்னிடம் தமிழ் பயின்ற மாணாக்கனொருவன் தந்தையாரோடு என் இல்லத்திற்கு வந்தான். "பண்டிதர் ஐயா, இவன் விளம்பரத்துறையிற் பட்டம் படிக்கப் போகிறானாம். சட்டம் படி என்றாற் கேட்கிறானில்லை. நீங்கள்தான் புத்தி சொல்லவேண்டும்" என்றார் தந்தையார்.

புத்தி சொல்ல எனக்கு நா எழவில்லை. இருபது ஆண்டுகளுக்கு முன்னர் இதே விறாந்தையில் இதே ஆசையோடு நின்ற வேறொருவனை, "பொய்யை விற்கவோ தமிழ் கற்றாய்?" எனக் கடிந்து கணக்கியலுக்கு அனுப்பியவன் யான். சொல்லைச் சுருக்கிக் கூராக்கும் ஆற்றல் அவனுக்கு இயல்பாக வாய்த்திருந்தது. அண்மையில் ஒரு கலியாண வீட்டிற் கண்டபோது, "இப்போது இலக்கங்கள் மட்டுமே எழுதுகிறேன், ஐயா" என்று சிரித்தான். அச்சிரிப்பு இன்னும் என்னை உறுத்துகின்றது.

ஆதலின் இம்முறை ஒரு கிழமை தவணை கேட்டு விசாரிக்கத் தொடங்கினேன். களனிப் பல்கலைக்கழகத்தில் வெகுசனத் தொடர்பாடல் துறை உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கலைப்பீடத்தில் ஊடகக் கற்கைகள் உண்டு. ஹொரணையை அடுத்துள்ள ஸ்ரீபாளி வளாகம் 1996 இல் கொழும்புப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது. அங்கே முன்னர் இருந்த ஸ்ரீபாளிக்கு 1934 இல் அடிக்கல் நாட்டியவர் கவி தாகூர் என்றறிந்ததும் என் மனம் சற்றே அப்பக்கம் சாய்ந்தது என்பதை மறைப்பானேன்! இந்தியாவிலோ, புதுடில்லியில் 1965 இல் எழுந்த வெகுசனத் தொடர்பாடல் நிறுவனமும், அகமதாபாத்தில் 1991 இல் எழுந்த மைக்காவும் பேர்பெற்றவை.

ஆயினும் பேர் மட்டும் போதுமோ? விளம்பர நிறுவனத்துள் நடப்பது ஒரு தொழில் அன்று. வாசகம் எழுதுவோர் ஒருவர். படமும் எழுத்துருவும் அமைப்போர் வேறொருவர். வணிகரோடு பேசுவோர் பிறிதொருவர். எப்பத்திரிகையில், எவ்வேளை ஒலிபரப்பில் இடம் வாங்குவதெனக் கணக்கிடுவோர் இன்னொருவர். பத்திரிகைகள் கழித்துக் கொடுத்த நூற்றுக்குப் பதினைந்து வீதத் தரகிலேதான் இந்நிறுவனங்கள் நெடுங்காலம் வாழ்ந்தன. இன்று கைத்தொலைபேசித் திரைக்கென வேறு கணக்கு வந்துவிட்டது. "இவற்றுள் எது உனக்கு?" என்று கேட்டேன். "வாசகம், ஐயா" என்றான்.

வாசகம் எழுதியோர் வரலாறு வியப்பானது. டொரதி செயர்ஸ் என்னும் ஆங்கில எழுத்தாளர் ஒக்ஸ்போட்டில் மொழிகள் கற்றவர். 1922 முதல் 1931 வரை லண்டனில் விளம்பர வாசகம் எழுதி, அவ்வனுபவத்தை 1933 இல் ஒரு துப்பறியும் நாவலாக்கினார். டேவிட் ஓகில்வி பட்டம் பெறாமலே ஒக்ஸ்போட்டை விட்டவர், பாரிஸிற் சமையற்காரராயிருந்தார், வீடு வீடாய் அடுப்பு விற்றார், 1948 இல் நியூயோர்க்கில் நிறுவனம் தொடங்கினார். இத்தொழிலில் வாசகம் எழுத வருவோனிடம் முதலிற் கேட்பது அவன் செய்து பார்த்த வேலைகளின் கோவையை என அறிந்தேன். பட்டச் சான்றிதழ் அதற்குப் பின்னரே.

ஆகவே தெரிந்தெடுக்கும் வளாகத்தில் மாணவர் எத்தனை விளம்பரம் எழுதித் திருத்தம் பெறுகின்றனர், தொழில் செய்தவர் எவரேனும் கற்பிக்கின்றனரா, நிறுவனத்திற் பயிற்சிக்கு அனுப்புவார்களா, எம்மொழியிற் சிந்திக்க விடுவார்கள் என்பவற்றை மூத்த மாணவரிடமே கேட்டறியச் சொன்னேன். கடைசிக் கேள்வி என்னுடையது. நம் வீதிகளில் நிற்கும் தமிழ் விளம்பரங்களுட் பல, ஆங்கிலத்தில் நினைத்ததைக் கடைசி நேரத்திற் பெயர்த்தவை போலும் இருக்கின்றன. 'வாங்கி பயன்பெறுங்கள்' என்று ஒற்றைத் தின்றுவிட்டு நிற்கும் பலகையைப் பார்த்துப் பார்த்து எனக்குக் கண்ணோயே வந்துவிட்டது!

"பொய் சொல்லும் தொழில்தானே, ஐயா?" என்றார் தந்தையார். பதில் சொல்லாமல், எங்கள் ஊர்ச் சங்கக்கடையிற் பெண்கள் பொதி செய்யும் ஒடியல் மாவுக்குப் பொய்யில்லாமல் மூன்று வரி எழுதிவரப் பையனைப் பணித்தேன்.

மறுநாள் கொண்டுவந்தான். ஓரிடத்தில் ஒற்று இட்டேன்; வேறொரு சொல்லையும் எடுக்க முடியவில்லை. தந்தையார் தாளை வாங்கி இருமுறை வாசித்தார். பின்னர், பல்கலைக்கழக விண்ணப்பத்தில் எதை முதலாவதாகக் குறிப்பது என்று என்னிடம் கேட்டார்.