மூளை எந்தப் பக்கம்?

அறிவியல் எடுத்தால் சூட்டிகை, கலைப் பாடம் எடுத்தால் மந்தம். நாடு முழுவதும் வீட்டுக்கு வீடு செல்லுபடியாகும் இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது?

சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்பு முடிவுகள் வந்த அன்று டெல்லியில் எங்கள் குடியிருப்பில் ஒரு வீட்டிலிருந்து லட்டு வந்தது. பெண் 94 சதவீதம் வாங்கியிருந்தாள். இரண்டு நாள் கழித்து, பதினோராம் வகுப்பில் வரலாறும் அரசியல் அறிவியலும் எடுக்கப்போவதாக அவள் அறிவித்தாள். வீடு இழவு வீடாகிவிட்டது. தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரரான அவள் அப்பா, மத்திய அரசு அதிகாரி, என்னிடம் முறையிட வந்தார். "நீங்க சொன்னா கேப்பா. மார்க் வராத பசங்க எடுக்கற க்ரூப்பை இவ எதுக்கு எடுக்கணும்?" எம்.ஏ. தமிழ் படித்த ஆளிடம் வந்து இதைச் சொல்கிறோமே என்று அவருக்கு உறைத்தபோது காபி ஆறிப்போயிருந்தது.

அவரைக் குறை சொல்ல முடியாது. தமிழ்நாட்டில் 'ஃபர்ஸ்ட் க்ரூப்' என்ற சொல்லிலேயே தரவரிசை ஒளிந்திருக்கிறது. வடக்கே அது இன்னும் அப்பட்டம்: 'சயின்ஸ் சைட்', 'ஆர்ட்ஸ் சைட்'. பல பள்ளிகளில் பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்துத்தான் பிரிவு ஒதுக்கப்படுகிறது. மேலே உள்ளவர்களுக்கு இயற்பியலும் கணிதமும், நடுவில் உள்ளவர்களுக்கு வணிகவியல், மீதம் இருப்பவர்களுக்கு வரலாறு. இப்படி வடிகட்டிவிட்டு, கலைப் பிரிவில் கெட்டிக்காரர்கள் இல்லை என்று கண்டுபிடிப்பது பெரிய ஆராய்ச்சி அல்ல. ராஜஸ்தான், பீகார் போன்ற மாநிலங்களின் சிற்றூர்களில் கதையே வேறு. அறிவியல் ஆசிரியரும் ஆய்வுக்கூடமும் இல்லாத அரசுப் பள்ளியில் கலைப் பிரிவு மட்டும்தான் இருக்கும். அங்கே படிக்கும் பெண்ணிடம் அவள் மூளை எந்தப் பக்கம் என்று யாரும் கேட்பதே இல்லை.

இந்தத் தரவரிசை ஆதிகாலத்தது என்று நினைத்தால் தவறு. சர் சி.வி. ராமன் சென்னை மாநிலக் கல்லூரியில் 1904-ல் வாங்கியது பி.ஏ. 1907-ல் வாங்கியது எம்.ஏ. படித்தது இயற்பியல், பட்டத்தின் பெயர் கலை. அதே 1907-ல் அவர் சேர்ந்த வேலை கல்கத்தாவில் நிதித்துறைக் கணக்கு அதிகாரி. ஆய்வு எல்லாம் ஆபீஸுக்கு முன்னும் பின்னும்தான். அந்த நாளில் புத்திசாலிப் பிள்ளை என்றால் பி.ஏ., பி.எல். முடித்து வக்கீலாகும், இல்லாவிட்டால் சர்க்கார் உத்தியோகத்துக்குப் போகும். நேரு கேம்பிரிட்ஜில் படித்தது இயற்கை அறிவியல். 1910-ல் பட்டம் வாங்கிய கையோடு அவர் போனது சட்டப் படிப்புக்கு. (ராமானுஜன் கதை எல்லோருக்கும் தெரியும். கணிதத்தைத் தவிர மற்றப் பாடங்களைக் கவனிக்காமல் எஃப்.ஏ. தேர்வில் தோற்றவர். அந்தக் காலத்துத் தேர்வு முறைப்படி அவர் மக்கு.)

பிறகு வந்தது சுதந்திரம், 1951-ல் கரக்பூரில் முதல் ஐ.ஐ.டி., 1958-ல் அறிவியல் கொள்கைத் தீர்மானம், அணைகள், உருக்காலைகள். 1991-க்குப் பிறகு கணிப்பொறி. சம்பளம் எந்தப் பக்கம் போனதோ, 'புத்திசாலித்தனமும்' அந்தப் பக்கம் குடிபெயர்ந்தது. தாத்தா காலத்தில் சட்டத்துக்குத் தேவைப்பட்ட அறிவு, பேரன் காலத்தில் சாஃப்ட்வேருக்கு மட்டும் தேவைப்படும் அறிவாக எப்படி மாறியது என்று எந்த வீட்டிலும் கேட்கப்படவில்லை.

மதிப்பெண் என்ன சொல்கிறது? 2020-ல் டெல்லி லேடி ஸ்ரீராம் கல்லூரியில் முதல் கட்-ஆஃப், பொருளாதாரம், அரசியல் அறிவியல், உளவியல் மூன்றுக்கும் 100 சதவீதம். அதாவது, அரசியல் அறிவியல் படிக்க வேண்டுமானால் ஒரு மதிப்பெண் கூடத் தவறவிட்டிருக்கக் கூடாது. கலைப் பாடத்தின் மீது அன்பு கொண்டவர்கள் சந்தோஷப்பட்டார்கள். எனக்கு அதில் சந்தோஷம் இல்லை. அந்த நூறு, இடங்கள் எத்தனை, கேட்டு வந்தவர்கள் எத்தனை பேர், பள்ளித் தேர்வுகள் எவ்வளவு தாராளமாக மதிப்பெண் தருகின்றன என்பதைத்தான் காட்டியது. அரசியல் அறிவியல் எவ்வளவு மூளை கேட்கிறது என்பதை அல்ல. இயற்பியலுக்குக் கேட்ட கட்-ஆஃபும் அப்படித்தான். 2022-ல் டெல்லி பல்கலைக்கழகம் கட்-ஆஃபைக் கைவிட்டு, கியூட் என்ற பொது நுழைவுத் தேர்வுக்குப் போய்விட்டது.

இரண்டு பக்கத்தாரையும் ஒரே தராசில் நிறுத்துப் பார்க்க இந்த நாடு உண்மையிலேயே ஒருமுறை முயன்றது. களம், ஐ.ஏ.எஸ். தேர்வு. 2010 வரை முதல்நிலைத் தேர்வில் ஒவ்வொருவரும் தாம் விரும்பிய பாடத்தில் ஒரு தாள் எழுதலாம். வரலாற்றில் வாங்கிய எழுபதும் இயற்பியலில் வாங்கிய எழுபதும் ஒன்றா என்ற சண்டை ஓயவே இல்லை. 2011-ல் யு.பி.எஸ்.சி. விருப்பப் பாடத்தை எடுத்துவிட்டு எல்லோருக்கும் பொதுவாக 200 மதிப்பெண்ணுக்கு ஒரு திறனறித் தாளைக் கொண்டுவந்தது. சிசாட் என்று பெயர். வாசித்துப் புரிந்துகொள்ளுதல், தர்க்கம், எளிய கணக்கு, அட்டவணை வாசிப்பு. பாடம் சாராத, 'சுத்தமான' அறிவை அளக்கும் தேர்வு என்பது எண்ணம்.

2014 கோடையில் டெல்லி முகர்ஜி நகர் கொதித்தது. கிராமத்திலிருந்து வந்த, இந்தியில் படித்த, கலைப் பட்டம் வாங்கிய மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். இது அறிவுத் தேர்வு அல்ல, இன்ஜினியர்களுக்கும் ஆங்கிலம் தெரிந்தவர்களுக்கும் பழக்கமான விளையாட்டு என்பது அவர்கள் வாதம். இந்தி வினாத்தாளின் மொழிபெயர்ப்பு வேறு மானத்தை வாங்கியது. 'ஸ்டீல் பிளான்ட்' என்பது இந்தியில் இரும்புச் செடியாகிவிட்டது என்று அன்று பத்திரிகைகளில் அடிபட்டது. அதே தொழிலில் இருக்கும் எனக்குச் சிரிக்கத் தைரியம் வரவில்லை. தமிழில் படித்த மாணவருக்கு அந்தச் செடி கூடக் கிடையாது. முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதலாம். ஆனால் முதல்நிலை வினாத்தாள் இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே. அந்த ஆகஸ்டில் ஆங்கிலப் பகுதி மதிப்பெண்கள் கணக்கில் சேராது என்று அரசு இறங்கிவந்தது. 2015-ல் சிசாட் வெறும் தகுதித் தாளாகச் சுருங்கியது. 33 சதவீதம் வாங்கினால் போதும், தரவரிசையில் அதற்கு இடமில்லை. இன்றும் அப்படியே. தராசை ஓரமாக வைத்துவிட்டார்கள்.

அறிவியல்காரர்கள் கையில் இன்னொரு வாதம் இருக்கிறது. லேசானதல்ல. 'உங்கள் பாடத்தை நாங்கள் படித்துவிடுவோம், எங்கள் பாடத்தை உங்களால் படிக்க முடியாது' என்பார்கள். அதே ஐ.ஏ.எஸ். தேர்வையே சாட்சிக்குக் கூப்பிடுவார்கள். 2017 தேர்வில் முதலிடம் பெற்ற அனுதீப் துரிஷெட்டி பொறியியல் பட்டதாரி. எடுத்த விருப்பப் பாடம் மானிடவியல். 2020-ல் முதலிடம் பெற்ற சுபம் குமார் பம்பாய் ஐ.ஐ.டி.யில் சிவில் இன்ஜினியரிங் படித்தவர், அவருக்கும் மானிடவியல்தான். மானிடவியல் பட்டம் வாங்கிவிட்டு மெக்கானிக்கல் இன்ஜினியரிங்கை விருப்பப் பாடமாக எடுக்க யார் துணிவார்கள்?

ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். கணிதம் ஏணி. ஒன்பதாம் வகுப்பில் ஒரு படி நழுவினால் பன்னிரண்டாம் வகுப்பில் கால் வைக்க இடமிருக்காது. வரலாற்றுக்கு வாசல் தாழ்வாக இல்லை, யாரும் நுழையலாம். ஆனால் நுழைவது ஒன்று, உள்ளே வேலை செய்வது வேறு. ஒன்றரை வருடம் படித்து 500 மதிப்பெண்ணுக்கு மானிடவியல் எழுதுகிறவர் மானிடவியலாளர் ஆகிவிடுவதில்லை. அப்படி ஆனதாக அவர்களும் சொல்லிக்கொள்வதில்லை. அமெரிக்க மேற்படிப்புக்கான ஜி.ஆர்.இ. தேர்வில் கணக்குப் பகுதியில் இயற்பியல், பொறியியல்காரர்கள் முன்னால் நிற்கிறார்கள். மொழிப் பகுதியிலும் எழுதும் பகுதியிலும் தத்துவம் படிக்கப் போகிறவர்கள் முன்னால் நிற்கிறார்கள். யாருடைய மைதானத்தில் ஆட்டம் என்பதைப் பொறுத்த விஷயம்.

இனி எங்கள் பக்கத்துக் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். எம்.ஏ.வில் எனக்கு நன்னூல் பாடம். 462 சூத்திரங்கள். 'மரம்' என்ற சொல்லோடு 'வேர்' சேர்ந்தால் மரவேர், 'கிளை' சேர்ந்தால் மரக்கிளை. எந்த எழுத்து எப்போது கெடும், எது எப்போது தோன்றும் என்று ஒன்றன் பின் ஒன்றாக விதிகள். ஒரு விதியைத் தாண்டி இன்னொரு விதி எப்போது செல்லும் என்பதற்கும் விதி. கணிப்பொறி படித்த என் அறைத் தோழர் ஒருநாள் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது ப்ரோக்ராம் மாதிரின்னா இருக்கு!" என்றார். தேர்வில் எங்களிடம் கேட்ட கேள்வி என்ன தெரியுமா? சூத்திரத்தை எழுதி விளக்குக. விதி ஏன் அப்படி அமைந்தது, இன்றைய பேச்சுத் தமிழில் அது செல்லுமா என்று ஒரு தாளிலும் கேட்கவில்லை. பழைய வினாத்தாள் ஐந்தும் கடையில் விற்ற நோட்ஸும் இருந்தால் முதல் வகுப்பு. நானும் அப்படித்தான் வாங்கினேன். இந்தியாவில் இளநிலைப் பட்டம் படிப்பவர்களில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமானோர் பி.ஏ.வில் இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோரிடம் கேட்கப்படுவது இந்த மாதிரிக் கேள்விதான். கலைப் பாடம் மூளை கேட்பதில்லை என்று ஊர் சொல்வதற்கு, பாடத்தை விட இந்தக் கேள்வித்தாள்கள்தான் காரணம் என்பது என் எண்ணம். பௌதிகத்தில் மட்டும் என்ன வாழ்கிறதாம்? அங்கேயும் கைடு உண்டு, 'இம்பார்ட்டன்ட் கொஸ்டின்' உண்டு.

பாடம் உண்மையில் என்ன கேட்கும் என்பதைப் பார்க்க டி.டி. கோசாம்பியிடம் போக வேண்டும். ஹார்வர்டில் படித்தவர், 1945 முதல் 1962 வரை பம்பாய் டாடா அடிப்படை ஆய்வு நிறுவனத்தில் கணிதப் பேராசிரியர். மரபியலில் இன்றும் அவர் பெயரில் ஒரு சூத்திரம் வழங்குகிறது. அந்த மனிதர் பண்டைய இந்தியாவின் முத்திரை குத்திய வெள்ளிக் காசுகளைக் கையிலெடுத்தார். காசில் அரசன் பெயர் இல்லை, ஆண்டு இல்லை. எது முந்தியது, எது பிந்தியது? கோசாம்பி ஆயிரக்கணக்கான காசுகளைத் துல்லியத் தராசில் நிறுத்தார். கை மாற மாறக் காசு தேயும், எடை குறையும். ஒரே வகைக் காசுகளின் சராசரி எடையும், பின்புறம் குத்தப்பட்ட குறிகளின் எண்ணிக்கையும் சேர்ந்து, அது எவ்வளவு காலம் புழங்கியது என்பதைச் சொல்லிவிட்டன. இதுவரை கணிதம்.

அதே கோசாம்பி, பர்த்ருஹரியின் பாடல்களுக்கு நூற்றுக்கணக்கான சுவடிகளை ஒப்பிட்டு 1948-ல் செம்பதிப்பு கொண்டுவந்தார். எது கவிஞன் பாடியது, எது பிற்காலத்தவர் நுழைத்தது என்று தீர்மானிக்கத் தராசு கிடையாது. அப்புறம் 1956-ல் இந்திய வரலாற்று ஆய்வுக்கு ஒரு முன்னுரை எழுதினார். அவருடைய காசு ஆய்வில் தவறு இருந்தால் மறுபடி நிறுத்துக் காட்டலாம். வரலாற்று நூலில் உள்ள முடிவுகளோடு இன்றும் சண்டை போடுகிறார்கள். தவறினால் விடையே காட்டிக்கொடுக்கும் வேலை ஒன்று. தவறியதே தெரியாமல் வாழ்நாள் முழுக்க நடக்கக்கூடிய வேலை இன்னொன்று. இரண்டாவதில் தன்னைத்தானே சந்தேகப்பட ஒரு தனிப் பயிற்சி வேண்டும்.

மொழிபெயர்ப்பு மேஜையில் எனக்கு இது தினப்படி அனுபவம். இயற்பியல் கட்டுரையில் 'மாஸ்' என்றால் நிறை, 'வெயிட்' என்றால் எடை. கருத்து விளங்க ஒரு ராத்திரி ஆகலாம். விளங்கிவிட்டால் சொல் மாறாது. அரசியல் கட்டுரையில் 'செக்யுலர்' வந்தால்? 1976-ல் நாற்பத்திரண்டாவது திருத்தம் அரசியல் சட்ட முகப்புரையில் அதைச் சேர்த்தபோது, இந்தி வாசகத்தில் 'தர்மநிர்பேக்ஷ' என்று போடாமல் 'பந்த்நிர்பேக்ஷ' என்று போட்டார்கள். தர்மம் வேறு, சமயப் பிரிவு வேறு என்பது அதன் பொருள். தமிழில் 'மதச்சார்பற்ற' என்கிறோம். மூன்றும் ஒன்றா? ஒரே சொல்லுக்குப் பின்னால் இத்தனை சச்சரவு. எந்த வேலை அதிக மூளை கேட்கிறது என்று என்னைக் கேட்டால், முதலாவது செய்யும்போது முதலாவது என்றும், இரண்டாவது செய்யும்போது இரண்டாவது என்றும் தோன்றும்.

இதையெல்லாம் அந்த அப்பாவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். 2020-ன் தேசிய கல்விக் கொள்கை, கலைக்கும் அறிவியலுக்கும் நடுவே கறாரான சுவர் கூடாது என்று எழுதியிருப்பதையும் காட்டினேன். கடைசியில் வீட்டில் ஒரு சமாதானம் ஏற்பட்டது: பெண் இயற்பியல், வேதியியல், கணிதம் எடுப்பாள்; ஐந்தாவது பாடமாக வரலாறு.

கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்தது. கால அட்டவணையில் வரலாறும் வேதியியலும் ஒரே பீரியட். வேறு ஏதாவது எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். அவள் உடற்கல்வி எடுத்திருக்கிறாள். வரலாற்று நோட்டை ஒரு தோழியிடம் இரவல் வாங்கி ஞாயிற்றுக்கிழமைகளில் படிக்கிறாள். போன வாரம் வந்து, முத்திரைக் காசு எங்கே பார்க்கலாம் என்று கேட்டாள். ஜன்பத் தேசிய அருங்காட்சியகத்துக்கு வழி சொல்லி அனுப்பினேன்.