கத்தியின் கூரும் உருக்கின் இயல்பும்

சட்டைப்பையில் வைத்தற்குரிய மடக்குக்கத்தி ஒன்றை வாங்கச் செல்வோர் வணிகரிடம் வினவுவது பெரும்பாலும் ஒன்றே: கூர் நெடுநாள் நிற்குமா என்பது. மழுங்கியபின் எளிதில் தீட்டலாமா என்னும் இரண்டாம் வினா அப்பொழுது அவர்தம் நினைவிற்கு வருவதில்லை. கத்தி மழுங்கிய அன்றுதான் அது எழுகின்றது. இவ்விரு வினாக்களுக்கும் ஒருங்கே ஆம் என்று விடைபகரும் உருக்கு மிக அரிது. அஃது ஏன் என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

கூர் என்பது அலகின் இருபுறத்துச் சரிவுகளும் ஒன்றையொன்று சந்திக்கும் கோடு. நன்கு தீட்டிய கத்தியில் அக்கோட்டின் பருமன் ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்களவே ஆகும். இத்துணை மெல்லிய விளிம்பு மூவகையாற் கெடும். வன்மை குறைந்த உருக்காயின் விளிம்பு ஒருபுறம் சாய்ந்து மடிந்துவிடும். வன்மை மிகுந்து நொறுங்குந் தன்மையுடையதாயின் சிறுசிறு துண்டாய் உதிரும். இவ்விரண்டும் நிகழாவிடினும், வெட்டப்படும் பொருளிலுள்ள மணலும் தூசும் உராய்தலால் நாளடைவில் தேய்ந்து மழுங்கும். கூர் நெடுநாள் நிற்கும் என்று விளம்பரங்களிற் புகழப்படுவது இம்மூன்றனுள் இறுதியானதைத் தாங்கும் ஆற்றலையே பெரிதுங் குறிப்பது. ஏனைய இரண்டையும் மறந்து இதனை மட்டும் நாடுவோர் ஏமாற்றமடைதல் இயல்பு.

உருக்கு, இரும்பும் காபனுஞ் சேர்ந்த கலப்பு. அதனைச் செஞ்சூடேற்றி விரைந்து குளிர்விக்குங்கால், காபன் அணுக்கள் இரும்பின் அணுக்கோப்பினுள்ளே சிறைப்பட்டு, மாட்டென்சைற்று எனப்படும் வன்மைமிக்க நிலை தோன்றுகின்றது. பின்னர் மீண்டும் அளவாகச் சூடாக்கி அதன் நொறுங்குந் தன்மையைத் தணிப்பர். இங்ஙனம் பெற்ற வன்மையை அளத்தற்கு றொக்வெல் அளவை பயன்படும். மடக்குக்கத்திகளிற் பெரும்பாலானவை அவ்வளவையில் 55க்கும் 63க்கும் இடைப்பட்டவை.

ஆனால் வன்மை எண் ஒன்றைக்கொண்டே உருக்கின் தரத்தை முடிவுசெய்தல் தவறு. காபனின் ஒரு பகுதி குரோமியம், வனேடியம் முதலிய உலோகங்களோடு கூடிக் காபைட்டு எனப்படும் நுண்மணிகளாக உறைகின்றது. சீமெந்துச் சாந்தினுட் கருங்கற் சல்லி கிடத்தல்போல இம்மணிகள் உருக்கினுட் பதிந்து கிடக்கின்றன. விக்கர்ஸ் அளவையில் மாட்டென்சைற்றின் வன்மை ஏறத்தாழ 800. இரும்புக் காபைட்டின் வன்மை 1000. குரோமியக் காபைட்டின் வன்மை 1500. வனேடியக் காபைட்டின் வன்மையோ 2800. மணலின் வன்மை 1100 அளவினது. ஆகவே, மணற்றூள் மாட்டென்சைற்றை அரிக்கும். குரோமிய, வனேடியக் காபைட்டுகளை அரிக்கமாட்டாது. சாந்து தேய்ந்தாலும் சல்லி நின்று காக்கும்.

இனி, தீட்டுதல் என்பது யாது? வேண்டுமென்றே விளைக்கப்படுந் தேய்வே அன்றிப் பிறிதன்று. காட்போட் பெட்டியை அறுக்கையில் எந்த மணி தேய மறுத்ததோ அதே மணி சாணைக்கல்லின்மீதும் தேய மறுக்கின்றது. கூர் நிற்றலும் தீட்டுதற்கு இடர்தருதலும் ஒரே பண்பின் இரு முகங்கள்.

இவ்விடத்தே கல்லின் இயல்பும் நோக்கற்பாலது. இன்று பெரிதும் வழங்குஞ் செயற்கைச் சாணைக்கற்களுட் பல அலுமினியம் ஒட்சைட்டுத் துகளாலானவை. இப்பொருள் குருந்தமேயாம். இரத்தினபுரியில் அகழப்படும் நீலமும் குருந்தத்தின் ஒரு வகையே. ஆங்கிலேயர் வழங்கும் கொறண்டம் என்னும் பெயரும் இத்தமிழ்ச் சொல்லின் வழிவந்ததே. குருந்தத்தின் வன்மை விக்கர்ஸ் அளவையில் ஏறத்தாழ 2100. ஆதலின் அது குரோமியக் காபைட்டை வெட்டும். வனேடியக் காபைட்டை வெட்டாது. வனேடியம் மிகுந்த உருக்கை இக்கல்லில் தீட்டுவோன், மணிகளைச் சூழ்ந்த உருக்கை மட்டுமே தேய்க்கின்றான். நெடுநேரம் உழைத்தும் செவ்விய கூர் கிட்டாமைக்குக் காரணம் இதுவே. அங்கு வேண்டுவது வைரத்துகள் பதித்த கல். வைரத்தின் முன் எக்காபைட்டும் நில்லாது.

மூன்று கத்திகளை ஒப்பிட்டு நோக்கின் இவ்வுண்மை தெளிவாகும். பிரான்சின் சவோய் மலைநாட்டிலே 1890இல் யோசேப் ஒப்பினெல் என்பவர் தொடக்கிய மரப்பிடிக் கத்தியின் காபன் உருக்கில் நூற்றுக்கு 0.9 பங்களவு காபன் உண்டு, குரோமியம் இல்லையெனலாம். அதன் காபைட்டு வன்மை குறைந்த இரும்புக் காபைட்டே. எனவே எந்தக் கல்லிலும் சிறிது நேரத்திற் கூரேறும். எலுமிச்சம்பழத்தை வெட்டித் துடையாது விட்டால் அன்றே கறுக்கும். சுவிற்சலாந்தின் ஈபாக் என்னும் ஊரில் 1884இல் கார்ல் எல்செனர் நிறுவிய தொழிலகத்தின் வழிவந்த விக்டோரினொக்ஸ் கத்தியில் காபன் நூற்றுக்குப் பாதிப் பங்களவே, குரோமியம் ஏறக்குறைய 14 அல்லது 15 பங்கு, வன்மை 56. அக்குரோமியத்தின் பெரும்பகுதி உருக்கிற் கரைந்து நின்று துருவைத் தடுக்கின்றது, மணிகள் சிலவே. கூர் விரைவிற் குன்றும், விரைவில் மீளும். மூன்றாவது, அமெரிக்காவிலே 2001இல் வெளிவந்த எஸ்-30-வீ என்னும் உருக்கினாலானது. அதிற் காபன் 1.45, குரோமியம் 14, வனேடியம் 4 பங்கு. உருகிய உலோகத்தை வாயுவாற் சிதறடித்துத் தூளாக்கி, அத்தூளை வெப்பத்தாலும் அழுக்கத்தாலும் மீண்டும் ஒன்றாக்கி அதனை ஆக்குவர். சாதாரண வார்ப்பில் பருத்து வளர்ந்து முறிவுக்கு இடமாகும் மணிகள் இம்முறையால் நுண்ணியனவாகவே நிற்கும்.

மென்மையான உருக்கெல்லாம் தீட்டுதற்கு எளியது என்று கொள்ளுதலும் பொருந்தாது. கல்லில் ஒருபுறம் தேய்க்குங்கால் மறுபுறத்தே பிசிர் ஒன்று எழும். மென்மையான துருவேறா உருக்கில் அப்பிசிர் அறாது, இப்புறமும் அப்புறமுமாக மடிந்துகொண்டே இருக்கும். அதனை நீக்காது விட்டால், முதல்நாள் மயிரை மழித்த கத்தி மறுநாள் தக்காளித் தோலிலும் வழுக்கும். மலிவான கத்திகள் பலவற்றின் அவப்பெயருக்கு உருக்கன்று, இப்பிசிரே காரணம்.

கோணத்தைப் பற்றி வாங்குவோர் எவரும் கேட்பதேயில்லை. உருக்கின் பெயரினும் அது முதன்மை வாய்ந்தது. இங்கிலாந்தின் செபீல்ட் நகரத்தாராற் செய்யப்பட்ட சோதனைப் பொறி ஒன்று, மணல் கலந்த காகித அட்டையைக் கத்தியினால் அறுபது முறை வெட்டி, மொத்தம் எத்தனை மில்லிமீற்றர் வெட்டுண்டது எனக் கணிக்கும். இத்தகைய சோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்த லறின் தோமஸ் என்னும் அமெரிக்க உலோகவியலறிஞர், விளிம்புக் கோணத்தில் ஒரு பாகையைக் குறைத்தலால் வரும் பயன், றொக்வெல் வன்மையில் ஓரலகைக் கூட்டுதலால் வரும் பயனுக்கு ஏறத்தாழ ஒப்பாதலைக் காட்டினார். ஆகவே எளிய உருக்கைக் குறுகிய கோணத்தில் தீட்டுவோன், விலைமிக்க உருக்கை அகன்ற கோணத்தில் வைத்திருப்போனுக்குப் பின்னடையான். ஆயினும் அவ்விளிம்பு மடியாமலும் உதிராமலும் தாங்கும் அளவே கோணத்தைக் குறைக்கலாம்.

அவ்வறிஞரே 2021இல் மக்னாகட் என்னும் உருக்கை வகுத்தார். குரோமியத்தை 10.7 பங்காகக் குறைத்து, குரோமியக் காபைட்டுத் தோன்றாவாறு செய்து, வனேடியத்தினதும் நையோபியத்தினதும் நுண்மணிகளை மட்டும் நிறுத்தினார். துருத்தடையும் உறுதியும் இதனால் ஒருங்கே உயர்ந்தன. ஆனால் வனேடிய மணியின் இயல்பு மாறவில்லை. அதற்கும் வைரமே ஏற்ற கல்.

பென்சில் சீவவும் பழம் நறுக்கவும் கத்தி வேண்டுவோர்க்கும், வீட்டில் ஒரு சாதாரணக் கல்லே உடையோர்க்கும் ஒப்பினெல், விக்டோரினொக்ஸ் போன்ற எளிய உருக்கே தக்கது. மாதமொருமுறை சில நிமிடம் தீட்டினாற் போதும். நாள்தோறும் கயிறும் காட்போட்டும் அறுப்போர்க்கு வனேடிய உருக்கு உழைப்பை மீதப்படுத்தும். அவர்கள் வைரக்கல்லின் விலையையும் கத்தியின் விலையோடு கூட்டிக் கணக்கிடல் வேண்டும்.