விருந்தினரும் ஊராரும்

அநீதி நிகழும் ஓர் ஊருக்கு அயலூரார் துணை செய்யச் செல்வதிற் பயன் உண்டா? 1964ஆம் ஆண்டு அமெரிக்காவின் புளொரிடா மாநிலத்துக் கரையோர நகராகிய சென் ஓகஸ்தீனில் நிகழ்ந்தவற்றைப் படிக்குந்தோறும் இவ்வினா என் உள்ளத்தில் எழுவதுண்டு.

1565இல் ஸ்பானியர் நிறுவிய அப்பழம்பதி, தன் நானூறாவது ஆண்டு விழாவுக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த காலம் அது. அங்கே கறுப்பின மக்கள் வெள்ளையரோடு ஒரே உணவுச்சாலையில் அமர்தல் ஆகாது. இக்கொடுமையை எதிர்த்து இளைஞரைத் திரட்டியவர் றொபேட் ஹெய்லிங் என்னும் கறுப்பினப் பல் வைத்தியர். 1963 செப்டெம்பரில் அவரும் தோழர் மூவரும் கூ கிளக்ஸ் கிளான் கூட்டத்தாரிடம் அகப்பட்டுக் கொடிய அடியுண்டனர். நீதிமன்றமோ, அடித்தவரை விடுத்து, அடிபட்ட வைத்தியரையே தாக்கியவர் எனக் குற்றவாளியாக்கிற்று!

1964இல் ஈஸ்டர் காலத்தில் வந்து துணைநிற்குமாறு விடுக்கப்பட்ட அழைப்பை ஏற்று, வடபுலத்திலிருந்து மாணவரும் திருச்சபையாரும் வந்தனர். பொஸ்டன் குழுவிலே மேரி பீபொடி அம்மையார் இருந்தார். வயது 72, பேராயர் ஒருவரின் மனைவி, மசாச்சூசெற்ஸ் மாநில ஆளுநரின் தாயார். மற்றொரு பேராயரின் மனைவியான எஸ்தர் பேர்ஜஸ் என்னும் கறுப்பினப் பெருமாட்டியும் உடன் வந்தார். விடுதி உணவுச்சாலையில் இரு இனத்தாரும் ஒருங்கே அமர்ந்தமைக்காக இவ்விருவரும் சிறைப்பட்டனர். பீபொடி அம்மையார் மறியலிற் கழித்தவை இரண்டு இரவுகள். அவ்விரண்டு இரவுகளில் நாடெங்குமுள்ள பத்திரிகைகளின் கண்கள் அவ்வூரின் மேற் பதிந்தன.

ஈண்டு மற்றொரு கணக்கையும் நாம் நோக்கல் வேண்டும். அதற்கு முந்திய ஆண்டு யூலையில், கடையொன்றின் சிற்றுண்டிப் பீடத்தில் அமர்ந்தமைக்காக அவ்வூர்ப் பிள்ளைகள் பலர் பிடிபட்டனர். இனிப் போராட்டங்களிற் சேர்வதில்லை என உறுதியளிக்க மறுத்த இரு சிறுமியரும் இரு சிறுவரும் மறியலுக்கும் சீர்திருத்தப் பள்ளிக்கும் அனுப்பப்பட்டு, ஏறத்தாழ ஆறு மாதம் அடைபட்டிருந்தனர். அவர்கள் ஆளுநரைப் பெற்றவர் அல்லர். ஆதலின் உலகம் அத்துணை விரைவிற் செவிசாய்க்கவில்லை.

இதனால் அம்மையாரின் தொண்டு சிறுமையுறாது. தம் பெயருக்கிருந்த மதிப்பைப் பெயரற்றோருக்குக் கடனாக ஈந்தார். அவர்தம் துயருக்கு உலகைச் சாட்சியாக்கினார். யூன் 11ஆந் திகதி மாட்டின் லூதர் கிங் அங்கே சிறைப்பட்டார். ஒரு வாரத்தின்பின் யூத மதகுருமார் பதினாறு பேர் சிறைப்பட்டனர். யூலை 2ஆந் திகதி குடியுரிமைச் சட்டம் ஒப்பமாயிற்று.

விருந்தினர் வீடு மீண்டனர். ஹெய்லிங்கோ தொழில் நலிந்து, பின்னர் அவ்வூரைவிட்டே பெயர்ந்தார். அவருடைய பல் வைத்தியசாலை 2014இல் அருங்காட்சியகமாயிற்று. 2015இல் அவர் காலமானார்.

செல்வதிற் பயன் உண்டு என்பதே என் துணிபு. ஆயின், சென்று மீள்பவர் தம் செலவைப் பெரிதெனப் பேசுதல் தகாது; அங்கேயே வாழ்ந்து விலை கொடுத்தோரின் பெயர்களைப் பேசுதலே தகும்.